வெள்ளை போர்டு பஸ்ஸும் ஒரு ஜோடி அடைப்புக்குறியும்

புரோகிராமிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இஃப்-ஐ (‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற கட்டளையை) பார்த்துப் பயப்படுவதே இல்லை. லூப் மிரட்டும், ஃபங்ஷன் குழப்பும். இஃப் மட்டும் முதல் நாளே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். ‘மார்க் 35-க்கு மேல் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில்.’ நாலு வரியில் வேலை முடிந்தது, ஓடவும் ஓடுகிறது. சரியாக 35 வாங்கிய பிள்ளையை அந்த வரிகள் ஃபெயில் ஆக்கிவிட்டன என்பது மட்டும் யார் கண்ணிலும் படாது.

வட சென்னையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் பைத்தான் என்ற நிரல்மொழி சொல்லித் தருகிறேன். நிபந்தனைகளில் வரும் தவறுகள் பெரும்பாலும் பைத்தான் தெரியாமல் வருவதில்லை என்பது நான் அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டது. நிபந்தனையையே முழுசாகச் சொல்லாததால்தான் வருகின்றன. பேசும்போது நாம் பாதியைத்தான் சொல்கிறோம். மீதியைக் கேட்கிறவர் நிரப்பிக்கொள்வார். கண்டக்டர் நிரப்பிக்கொள்வார், ரேஷன் கடைக்காரர் நிரப்பிக்கொள்வார், பக்கத்து வீட்டு ஆயா நிரப்பிக்கொள்வார். கம்ப்யூட்டர் எதையும் நிரப்பிக்கொள்ளாது. அதனால் இஃப் பாடத்தை நான் தாளில்தான் தொடங்குகிறேன். கீபோர்டு அப்புறம்.

ஒரு சின்னக் குறிப்பு. கீழே இஃப், எல்ஸ், அண்ட், ஆர், நாட் என்று நான் தமிழில் எழுதியிருப்பதை பைத்தானில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். மாறிகளின் (மதிப்புகளைப் போட்டுவைக்கும் பெட்டிகளின்) பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். கட்டளைகளும் தமிழில் வேண்டும் என்பவர்களுக்கு ‘எழில்’ என்ற நிரல்மொழி இருக்கிறது. அதில் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் ‘ஆனால்’ என்று போட வேண்டும், நாம் பேசுகிற வரிசையிலேயே.

சரி, பஸ்ஸுக்கு வருவோம்.

2021 மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்காமல் போகலாம் என்று ஆனது. சில வாரங்களிலேயே திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சென்னையில் நாம் வெள்ளை போர்டு என்று சொல்லும் பஸ் அது. டீலக்ஸிலும் ஏசி பஸ்ஸிலும் இந்தச் சலுகை கிடையாது. இதெல்லாம் என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் அந்த பஸ்ஸில்தான் வகுப்புக்கே வருகிறார்கள். ‘பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வெள்ளை போர்டு பஸ்ஸில் இலவசம்’ என்று போர்டில் எழுதிப்போட்டு, இதை நிபந்தனையாக எழுதுங்கள் என்றேன். ஒரு தம்பி முதல் ஆளாக எழுதி முடித்தான்.

இஃப் பெண் அண்ட் திருநங்கை அண்ட் மாற்றுத்திறனாளி அண்ட் வெள்ளை_போர்டு:
    கட்டணம் = 0

“ஏன் எல்லா இடத்திலும் அண்ட் போட்டே?”

“மூணு பேருக்கும்தானே இலவசம், அக்கா?”

“சரி, உங்க அம்மா பஸ்ல ஏறுறாங்க. பெண்ணா?”

“ஆமாக்கா.”

“திருநங்கையா?”

“இல்லக்கா.”

“அப்போ உன் புரோகிராம் என்ன சொல்லும்?”

ஸ்க்ரீனைப் பார்த்தான். “டிக்கெட் எடுக்கச் சொல்லும்க்கா” என்றான்.

அவன் எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அறிவிப்பில் இருப்பதைப் பார்த்து, அதே அடுக்கில் எழுதியிருக்கிறான். கோளாறு வேறு இடத்தில். அறிவிப்பு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது: இவர்களுக்கும், இவர்களுக்கும், இவர்களுக்கும். இஃப் கேட்பதோ இப்போது படியேறி நிற்கிற ஒரே ஒரு ஆளைப் பற்றி. அந்த ஒருவர் மூன்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால் போதும். ஆக, அறிவிப்பில் ‘உம்’ என்று வந்தது நிரலில் ஆர் ஆகிறது. நிபந்தனை எழுதுவதற்கு முன் ‘இது யாரைப் பற்றிய கேள்வி, ஒரு ஆளா, கூட்டமா?’ என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அரசாணை, கல்லூரி சர்க்குலர், ஹாஸ்டல் விதி எல்லாமே கூட்டத்தின் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கும்.

திருத்தி எழுதினான்.

இஃப் பெண் ஆர் திருநங்கை ஆர் மாற்றுத்திறனாளி அண்ட் வெள்ளை_போர்டு:
    கட்டணம் = 0

இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அச்சு அசலாகச் சரி என்றுதான் தோன்றும். ஓடவிட்டு அவன் அம்மாவை வெள்ளை போர்டில் ஏற்றினோம், இலவசம். அவன் அப்பாவை ஏற்றினோம், டிக்கெட். பக்கவாதம் வந்து கை விளங்காத மாமாவை ஏற்றினோம், இலவசம். வகுப்பே திருப்தியாகிவிட்டது.

அப்புறம் அம்மாவை ஏசி பஸ்ஸில் ஏற்றினோம். அங்கேயும் இலவசம் என்று வந்தது.

காரணம், ஆர்-ஐவிட அண்ட்-க்கு முன்னுரிமை. கூட்டலும் பெருக்கலும் ஒரே வரியில் வந்தால் பெருக்கலை முதலில் செய்கிறோமே, அதே கணக்குதான். பைத்தான் முதலில் நாட்-ஐப் பார்க்கும், அடுத்து அண்ட், கடைசியில் ஆர். எனவே அந்த வரியில் வெள்ளை_போர்டு என்ற நிபந்தனை மாற்றுத்திறனாளியோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. பெண்ணுக்கும் திருநங்கைக்கும் எந்த பஸ் என்ற கேள்வியே எழவில்லை. ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும்.

இஃப் (பெண் ஆர் திருநங்கை ஆர் மாற்றுத்திறனாளி) அண்ட் வெள்ளை_போர்டு:
    கட்டணம் = 0

அடைப்புக்குறி போடச் சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தவறு ஏன் அத்தனை நேரம் ஒளிந்திருந்தது என்பதுதான் முக்கியம். எல்லோரையும் தாள் எடுக்கச் சொன்னேன். நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று இரண்டு விடை. மொத்தம் 16 வரிசைகள் வரும். இதற்குத்தான் மெய் அட்டவணை என்று பெயர். ஒவ்வொரு வரிசையிலும் அடைப்புக்குறி இல்லாத வரி தரும் விடையையும், அடைப்புக்குறி உள்ள வரி தரும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்.

செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. வெள்ளை_போர்டு ஆம் என்று இருக்கும் 8 வரிசைகளிலும் இரண்டு வரிகளும் ஒரே விடைதான் தரும். இல்லை என்று இருக்கும் 8-இல் 6 வரிசைகள் தவறு. அதாவது, வெள்ளை போர்டு பஸ்ஸில் மட்டும் சோதித்துப் பார்த்தால் எத்தனை பேரை ஏற்றி இறக்கினாலும் இந்தத் தவறு கையில் அகப்படாது. மனிதர்களை மாற்றி மாற்றிச் சோதித்தோமே தவிர பஸ்ஸை மாற்றவில்லை. எல்லா மாறிகளையும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நூறு முறை சொல்லலாம். அந்த 16 வரிசையைக் கையால் ஒருமுறை எழுதிய பிள்ளைக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நான்கு கேள்விக்கு 16, ஐந்துக்கு 32, பத்துக்கு 1024. ஆகவே எல்லாவற்றையும் எப்போதும் எழுத முடியாது. நிபந்தனை நீண்டுகொண்டே போனால் அதை வெட்டிப் பெயர் வைப்பதுதான் வழி. ‘சலுகை_உண்டு’ என்று ஒரு மாறி, அதற்குள் அந்த மூன்று ஆர்-களும். பிறகு ‘இஃப் சலுகை_உண்டு அண்ட் வெள்ளை_போர்டு’. படிக்கிறவருக்கும் புரியும், நாளை இன்னொரு பிரிவினரைச் சேர்த்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். மாற்றுத்திறனாளியோடு வரும் துணையாள் ஒருவருக்கும் இலவசம் என்று இருக்கிறதே, அதைச் சேர்க்க முயன்று பாருங்கள். ஒரு பயணியைப் பற்றிய கேள்வி அங்கே இரண்டு பயணிகளைப் பற்றிய கேள்வியாகிவிடும். வகுப்பில் நல்ல சண்டை நடக்கும் இடம் அது.

அண்ட்-ஐப் பெருக்கலோடு ஒப்பிட்டேன். அது வெறும் ஞாபகக் குறிப்பு இல்லை. இந்த மெய்-பொய்க் கணக்குக்கு பூலியன் என்று பெயர் வரக் காரணமான ஜார்ஜ் பூல் அப்படித்தான் தொடங்கினார். 1815-இல் இங்கிலாந்தின் லிங்கனில் ஒரு செருப்புத் தொழிலாளிக்குப் பிறந்தவர், பெரும்பாலும் தானாகவே படித்தவர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனவர். ‘வெள்ளையானவை’, ‘பஸ்கள்’ என்ற இரண்டு தொகுதிகள் இருந்தால், ‘வெள்ளை பஸ்கள்’ என்பதை அவற்றின் பெருக்கலாக எழுதலாம் என்பது அவர் யோசனை (பஸ் உதாரணம் என்னுடையது). ‘வெள்ளை வெள்ளை பஸ்’ என்று இரண்டு முறை சொன்னாலும் அது வெள்ளை பஸ்தான். ஆகவே இந்தக் கணக்கில் எதையும் அதோடே பெருக்கினால் அதுவே வர வேண்டும். சாதாரண எண்களில் அப்படி நடப்பது இரண்டே எண்களுக்கு, 0, 1. இதைப் படித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்ப்யூட்டர் என்று ஒன்று வருவதற்கு எவ்வளவோ முன்னால், 1847-லும் 1854-லும் வெளியிட்ட நூல்களில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்த 1847-லேயே தர்க்கம் பற்றித் தன் நூலை வெளியிட்ட இன்னொருவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் பிறந்தது மதுரையில், 1806-இல். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. நம் ஊர் ஆள் என்று உரிமை கொண்டாட முடியாதுதான், ஆனாலும் பிள்ளைகளிடம் ‘மதுரையில் பிறந்தவர்’ என்று சொல்லும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள். அது எனக்குப் போதும். பூலின் மனைவி மேரி, இந்திய நில அளவைத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் தம்பி வழி மகள். எவரெஸ்ட் தலைமை ஏற்ற அந்த மாபெரும் அளவைப் பணியை 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கியது நம் பரங்கிமலைப் பக்கத்தில்.

டி மார்கன் விதி இல்லாமல் நாட் பாடம் நடத்த முடியாது. ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம்: சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 6 மணிக்கு அலாரம் அடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எழுதுவது இது.

இஃப் நாள் != "சனி" ஆர் நாள் != "ஞாயிறு":
    அலாரம்()

!= என்றால் ‘சமமில்லை’, பின்னால் வரும் == என்றால் ‘சமம்’. இந்த அலாரம் ஏழு நாளும் அடிக்கும். சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சனி இல்லையா?’ இல்லை, இது சனிதான், முதல் பாதி பொய். ‘ஞாயிறு இல்லையா?’ ஆமாம், ஞாயிறு இல்லை, இரண்டாம் பாதி மெய். ஆர்-க்கு ஒன்று மெய்யானால் போதும், அடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். ஒரே நாள் சனியாகவும் ஞாயிறாகவும் இருக்க முடியாது, ஆகவே இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் பொய்யாக வழியே இல்லை.

‘சனியோ ஞாயிறோ அல்லாத நாள்’ என்பதை நேராக எழுதினால் நாட் (நாள் == "சனி" ஆர் நாள் == "ஞாயிறு"). அந்த நாட்-ஐ அடைப்புக்குறிக்குள் கொண்டுபோகும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் மறுக்கப்படும், கூடவே ஆர் அண்ட் ஆகிவிடும். அண்ட் இருந்தால் அது ஆர் ஆகும். இவ்வளவுதான் டி மார்கன் விதி. எனவே சரியான வரி: நாள் != "சனி" அண்ட் நாள் != "ஞாயிறு". விதியை மனப்பாடம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சந்தேகம் வந்தால் நாட்-ஐ வெளியிலேயே விட்டுவிடுங்கள். வெளியில் இருக்கும் நாட் நாம் பேசுவது மாதிரியே படிக்கும், தவறு கண்ணில் படும்.

இதே அலாரத்தில் இன்னொரு பொறி: ‘இஃப் நாள் == "சனி" ஆர் "ஞாயிறு"’ என்று எழுதுவது. பேச்சில் இது முழு வாக்கியம், பைத்தானுக்கு இரண்டு தனித்தனி விஷயம். ‘நாள் சனியா’ என்பது ஒன்று, வெறும் "ஞாயிறு" என்ற சொல் இன்னொன்று. காலியாக இல்லாத எந்தச் சொல்லையும் பைத்தான் மெய் என்றே எடுத்துக்கொள்ளும், ஆக இதுவும் எப்போதும் மெய். பயனரிடம் கேள்வி கேட்டு அவர் "இல்லை" என்று டைப் செய்தாலும், ‘இஃப் விடை:’ என்று எழுதியிருந்தால் உள்ளே நுழைந்துவிடும். பயனர் அடிக்கும் வயதும் எழுத்தாகத்தான் வரும், எண்ணாக மாற்றாமல் 60-ஐவிடப் பெரிதா என்று ஒப்பிட்டால் பைத்தான் பிழை காட்டி நிற்கும். ஒற்றைச் சமக்குறி மதிப்பை வைப்பதற்கு, இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவதற்கு. இஃப்-இல் ஒற்றையைப் போட்டால் பைத்தான் ஓடவே ஓடாது. சி மொழியில் ஓடிவிடும், அதனால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

அண்ட், ஆர் இரண்டும் இடமிருந்து வலமாகப் பார்த்து, விடை தெரிந்ததும் நின்றுவிடும். ‘பேர் > 0 அண்ட் மொத்தம் / பேர் > 40’ என்ற வரியில், யாருமே வராத நாளில் முதல் பாதியே பொய், பூஜ்யத்தால் வகுக்கும் இடத்துக்கு பைத்தான் போகவே போகாது. பாதிகளை இடம் மாற்றிப் போட்டால் அன்றைக்கு நிரல் உடையும். கணிதத்தில் அண்ட்-க்கு முன்னும் பின்னும் ஒன்றுதான், நிரலில் அப்படி இல்லை.

இந்த மெய்யும் பொய்யும் காகிதத்திலிருந்து இயந்திரத்துக்கு வந்த கதையும் அழகானது. 1937-இல் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், அமெரிக்காவின் எம்ஐடியில் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டில், ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) சாதாரண சுவிட்சுகளும் கொண்ட மின்சுற்றுகளை பூலின் கணிதத்தால் எழுதவும் சுருக்கவும் முடியும் என்று காட்டினார். இரண்டு சுவிட்சுகளை வரிசையாக இணைத்தால் இரண்டும் ஆனில் இருந்தால்தான் கரண்ட் போகும், அது அண்ட். பக்கவாட்டில் இணைத்தால் ஏதாவது ஒன்று போதும், அது ஆர். உங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படி லைட்டைப் போய்ப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் லைட்டின் நிலை மாறும். அது அண்டும் இல்லை, ஆரும் இல்லை. இரண்டும் வேறு வேறு நிலையில் இருந்தால் எரியும், ஒரே நிலையில் இருந்தால் அணையும் (வயரிங்கைப் பொறுத்து இது தலைகீழாகவும் இருக்கலாம்). எக்ஸ்ஆர் என்று சொல்வது இதைத்தான். பைத்தானில் இரண்டு பூலியன் மதிப்புகளுக்கு நடுவே != போட்டாலே இது கிடைத்துவிடும்.

இப்போது விளிம்புகள். 35 மார்க் பிள்ளையைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னது சும்மா இல்லை. சென்னையில் வசிக்கும், 60 வயது நிரம்பிய முதியவர்களுக்கு மாதம் 10 இலவச பஸ் டோக்கன் உண்டு. ‘வயது > 60’ என்று ஒருவர் எழுதிவிட்டால், 60 முடிந்த ஒரு தாத்தா இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அவருக்கு யார் பதில் சொல்வார்கள்? கவுன்டரில் இருப்பவர் ‘சிஸ்டம் எடுக்கலைங்க’ என்பார். அவருக்கும் வேறு எதுவும் தெரியாது. ஒரு சமக்குறி விட்டுப்போனது எங்கேயோ ஒரு ஃபைலுக்குள் இருக்கும். அதை எழுதியவருக்கு அந்தத் தாத்தாவின் முகம் தெரியாது. என் பிள்ளைகளில் பலர் நாளைக்கு இப்படிப்பட்ட சிஸ்டங்களைத்தான் எழுதப்போகிறார்கள். ஆகவே 59, 60, 61 மூன்றையும் ஓட்டிக்காட்டாத வீட்டுப்பாடத்தை நான் வாங்கிக்கொள்வதே இல்லை. கொஞ்சம் கண்டிப்புதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

எலிஃப் எழுதும்போது விளிம்போடு வரிசையும் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஈபி பில்லைவிட நல்ல பயிற்சி கிடையாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். முதல் முயற்சி அனேகமாக இப்படி இருக்கும்.

இஃப் யூனிட் > 100:
    ...
எலிஃப் யூனிட் > 500:
    ...

640 யூனிட் ஓடிய வீடு 100-ஐயும் தாண்டியதுதானே? முதல் கதவிலேயே உள்ளே போய்விடும். எலிஃப் என்பது மேலே எதுவும் மெய்யாகாதபோது மட்டும் கேட்கப்படும் கேள்வி, ஆகவே அந்த 500 வரி ஒருநாளும் ஓடாது. பெரிய எண்ணிலிருந்து இறங்கி வாருங்கள், அல்லது ‘<=’ போட்டுச் சிறியதிலிருந்து ஏறுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

அதோடு ஈபி பில்லில் இன்னொரு விஷயம் இருக்கிறது, சென்னையில் குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரிந்தது. 500-ஐத் தாண்டக்கூடாது என்று மே மாதத்தில் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனைப் போடுகிறோமே, எதற்கு? 501-ஆவது யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்றால் இவ்வளவு கவலை தேவையில்லை. 500-ஐத் தாண்டினால் விலைப்பட்டியலே வேறு, கீழே இருந்த யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்து விலை கூடிவிடும். நிரலில் இது ஒரே ஏணியாக வராது. முதலில் ‘யூனிட் <= 500’ என்று வெளியே ஒரு இஃப், அதற்குள் ஒரு பட்டியல், எல்ஸ்-க்குள் இன்னொரு பட்டியல் என்று இரண்டு அடுக்காக எழுத வேண்டும்.

உங்கள் வீட்டு ஈபி அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, இப்போது நடப்பில் இருக்கும் விலைகளைப் போட்டு எழுதிப் பாருங்கள். 0, 100, 101, 200, 201, 500, 501 ஆகிய ஏழு எண்களுக்கும் பில் எவ்வளவு என்று முதலில் கையால் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிவிட்டு, அப்புறம் நிரலை ஓட்டுங்கள். 500-க்கும் 501-க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு யூனிட்டின் விலையாக மட்டும் வந்தால், வெளி இஃப் விட்டுப்போயிருக்கிறது.